ஆறிய வீக்கம்

எலஹங்கா தாண்டி, யூகலிப்டஸ் வரிசைக்குப் பின்னால்
செம்மண் மைதானம். ஏழே காலுக்கும் பனி.
நடுவர் திருமதி மாச்சய்யா சொல்வார், நான் எழுதுவேன்.
அவ்வளவுதான் என் வேலை:
ஒரு மேசை, ஒரு குடை, மூன்று பேனா,
தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு பழைய லாடம்.

பதினோரு குதிரைகள் வட்டமடிக்கின்றன.
பிடரியின் பின்னலைப் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன்,
மினுமினுக்கும் வயிற்றை, வால் முடிச்சை,
சவாரிப் பெண்ணின் கோட்டுப் பொத்தானை.
அவையும்தான். ஆனால் கடைசியில்.
முதலில் குளம்பு.
"வீடு வாங்கப் போனால் சுவரின் வர்ணத்தையா பார்ப்பாய்?"
என்கிறார் கன்னடத்தில்.
குளம்பு, எட்டு என்று எழுதுகிறேன்.

குளம்பிலிருந்து கணு, கணுவிலிருந்து முழங்கால்,
தோளின் சாய்வு, முதுகின் நீளம்.
நேராகப் போ என்கிறார். நேராக வா என்கிறார்.
போகையில் பின்னங்கால்கள் உரசுகின்றனவா,
வருகையில் முன்னங்கால் துடுப்புப் போல வெளியே வீசுகிறதா.
சிமெண்ட் பாதையில் ஓடவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்கிறார். "கேள்."
டக் டக், டக் டக்
டக் டக், டக் ட
"ஐந்தாம் எண். நொண்டல். வெளியே."

இருதயராஜ், ஆஸ்டின் டவுன்காரர், ஏழாம் எண்ணுக்குத் தீனி வைப்பவர்,
மேசையோரம் வந்து தமிழில் கிசுகிசுக்கிறார்:
"அக்கா, நெத்தியப் பாருங்க, ரெட்டைச் சுழி.
வச்சிருக்கிற குடும்பத்துக்கே ஆகும். எழுதிக்கோங்க."
தாளில் சுழிக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் சின்னதாய் இரண்டு சுழித்தேன்,
மை வருகிறதா என்று பார்த்ததைப் போல.

ஏழாம் எண், பந்தயத்தில் ஆறு வருஷம் தோற்ற பெண்குதிரை.
பட்டியலில் நீளமாய் ஓர் ஆங்கிலப் பெயர்; லாயத்தில் கருப்பட்டி.
இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே
நெல்லிக்காய் அளவு புடைப்பு.
இருதயராஜ் வானத்தைப் பார்க்கிறார்.
அங்கே போர்விமானம் ஒன்று காலையைக் கிழித்துப் போகிறது.
மற்றவை எல்லாம் வெள்ளை விழி காட்டித் துள்ள,
கருப்பட்டி ஒரு காதை மட்டும் திருப்புகிறாள்,
பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாற்போல.

மாச்சய்யா கையுறையைக் கழற்றிக் குனிகிறார்.
வெறும் உள்ளங்கை, புடைப்பின்மேல்.
வெகுநேரம்.
"சூடு இருந்தால் புதுசு. குளிர்ந்திருந்தால் பழசு.
பழசுக்கு நான் மார்க் குறைப்பதில்லை.
எழுது: ஆறிப்போனது."

முதல் பரிசு ஒரு சாம்பல் குதிரைக்கு;
அதன் கால்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதன் முகம் இப்போது எனக்கு ஞாபகமும் இல்லை.
இரண்டாம் பரிசு நாடாவைக்
கருப்பட்டி மென்று பார்த்துத் துப்பினாள்.

மதியம் பிசிபேளே பாத் தட்டோடு
கூடாரத்திலிருந்து மேசைக்கு வந்தேன். இருபது அடி.
"எந்த வருஷம்?" என்றார், தட்டிலிருந்து தலை தூக்காமல்.
சுடிதாரின் அகலத்தில்
யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாகத்தான் நம்பியிருந்தேன்.
"பதினாறு. ஹெப்பாள் மேம்பாலம். மழை.
நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்."
ஓட்டியது யாரென்று கேட்கவில்லை.
"இடது" என்றார்.
அப்பளத்தை உடைத்துப் பாதியை என் தட்டில் வைத்தார்.

மெஜஸ்டிக்கில் எஸ்கலேட்டர் ஓடவில்லை.
படியேறும் கூட்டத்துக்கு மதிப்பெண் போட்டபடி நின்றேன்:
இவருக்கு வலது தோள் தாழ்வு. அந்தப் பையனுக்கு
நடை சுத்தம், குணம் சந்தேகம்.
போலீஸ்காரர், ஆறாத இடுப்பு.
குதிரையின் குணமறிந்துதான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள்.
எங்களிடம் என்ன அறிந்து கொடுக்கவில்லையோ.

இரவு, விளக்கணைத்த பிறகு
முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்தேன்,
அவர் வைத்ததைப் போல.
மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
அசையவில்லை.
கொஞ்சம் சூடு.
கையின் சூடாக இருக்கலாம் என்று
மறு கையை வைத்துப் பார்த்தேன்.